குரோகர்–ஆல்பர்ட்சன்ஸ் இணைப்பு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அமெரிக்காவின் இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் 2022 அக்டோபரில் ஒன்றாகச் சேரப் போவதாக அறிவித்தன. 2024 டிசம்பரில் நீதிமன்றத்தில் தோற்றுப் பிரிந்தன. இந்த விவகாரம் பற்றி மறுபடி மறுபடி கேட்கப்படும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே தலைப்பாக வைத்து, கீழே பதில் தந்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

குரோகர்னு ஒரு கடையை நான் பார்த்ததே இல்லை. எங்க ஊர்ல இருக்கிறது சேஃப்வேயும் கியூஎஃப்சியும்தான். எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த இரண்டும்தான் சம்பந்தம். இந்த நிறுவனங்கள் வாங்கிப் போட்ட கடைகளின் பழைய பெயர்ப் பலகையைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. கியூஎஃப்சி, ஃப்ரெட் மேயர், ரால்ஃப்ஸ், கிங் சூப்பர்ஸ், ஃப்ரைஸ், ஸ்மித்ஸ், மரியானோஸ், ஹாரிஸ் டீட்டர் எல்லாம் குரோகருடையவை. சேஃப்வே, வான்ஸ், ஜுவல்-ஆஸ்கோ, ஆக்மி, ஷாஸ், டாம் தம்ப், ஹேகன் எல்லாம் ஆல்பர்ட்சன்ஸ் வீட்டுப் பிள்ளைகள்.

சியாட்டிலில் கியூஎஃப்சிக்கும் சேஃப்வேக்கும், லாஸ் ஏஞ்சலஸில் ரால்ஃப்ஸுக்கும் வான்ஸுக்கும், டென்வரில் கிங் சூப்பர்ஸுக்கும் சேஃப்வேக்கும், சிகாகோவில் மரியானோஸுக்கும் ஜுவலுக்கும் நடக்கிற போட்டி உண்மையில் இந்த இரண்டு முதலாளிகளுக்கு இடையிலான போட்டி. பலகையைப் பார்த்து எண்ணினால் நான்கு கடை தெரியும், முதலாளியைப் பார்த்து எண்ணினால் இரண்டுதான் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகப் புரியும்.

என்ன விலைக்கு யார் யாரை வாங்கறதா இருந்தது?

ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் 1883-இல் தொடங்கிய குரோகர், ஐடஹோ மாநிலம் பாய்சியில் 1939-இல் தொடங்கிய ஆல்பர்ட்சன்ஸை வாங்குவதாக இருந்தது. 2022 அக்டோபர் 14 அன்று அறிவிப்பு வந்தது. பங்கு ஒன்றுக்கு 34.10 டாலர். சுமார் 470 கோடி டாலர் கடனையும் ஏற்பதைச் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 2,460 கோடி டாலர். குரோகரிடம் 2,700-க்கு மேல், ஆல்பர்ட்சன்ஸிடம் 2,200-க்கு மேல் கடைகள் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் 5,000 கடைகள், சுமார் 4,000 மருந்துக் கடைகள், ஏறத்தாழ 7 லட்சம் ஊழியர்கள்.

அப்போது ஆல்பர்ட்சன்ஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் விவேக் சங்கரன், சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். நம்மவர்கள் இந்தச் செய்தியை அதிகம் பகிர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் என்ன ஆச்சு? சேர்ந்தாங்களா இல்லையா?

சேரவில்லை. 2024 டிசம்பர் 10 அன்று ஒரே நாளில் இரண்டு நீதிமன்றங்கள் தடுத்தன. ஒன்று ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் (நீதிபதி ஏட்ரியன் நெல்சன்), மற்றது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் மாநில நீதிமன்றம். மறுநாளே ஆல்பர்ட்சன்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, குரோகர் அனுமதி வாங்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று டெலவேர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. முறிவுக் கட்டணமான 60 கோடி டாலரும் அந்தச் சண்டையில் ஒரு பொருள். கல்யாணம் நின்ற மறுநாள் சம்பந்திகள் காவல் நிலையம் போன கதை.

எதுக்காக சேர நினைச்சாங்க? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்தது?

அவர்கள் சொன்ன காரணம் வால்மார்ட். அமெரிக்காவில் மளிகை விற்பனையில் முதலிடம் அதற்கு. அதோடு காஸ்ட்கோ, அமேசான், ஆல்டி எல்லாம் வளர்கின்றன, தனித்தனியாக நின்றால் சரக்கு வாங்கும் விலையிலும் கிடங்குச் செலவிலும் தொழில்நுட்பத்திலும் அவற்றோடு மல்லுக்கட்ட முடியாது என்பது வாதம். இதில் பொய் இல்லை. ஆனால் வால்மார்ட்டை எதிர்க்கச் சேர்கிறோம் என்பதும், எதிர்த் தெருவில் நமக்குள் நடந்த போட்டி முடிந்துவிடும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சட்டம் பார்ப்பது இரண்டாவதை.

அதான் வால்மார்ட், காஸ்ட்கோ, அமேசான்னு இத்தனை பேர் இருக்காங்களே. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா போட்டி எப்படிக் குறையும்?

வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். யாரைப் போட்டியாளர் என்று எண்ணுவது? அரசுத் தரப்பில் வழக்கு நடத்திய எஃப்டிசி (கூட்டாட்சி வர்த்தக ஆணையம்) சூப்பர் மார்க்கெட்டுகளையும், வால்மார்ட்டின் பெரிய சூப்பர் சென்டர் போன்ற கடைகளையும் ஒரே சந்தையாக எண்ணியது. ஆகவே வால்மார்ட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பலர் சொல்வது தவறு. வெளியே விட்டது காஸ்ட்கோ, ஆல்டி, ட்ரேடர் ஜோஸ், ஹோல் ஃபுட்ஸ், டாலர் கடைகள், அமேசான் ஆகியவற்றை.

ஏன் விட்டது? ஒரே நடையில் வார மளிகை முழுவதையும் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கொத்தமல்லியில் தொடங்கி இறைச்சி வெட்டித் தரும் கவுன்டர், பத்து வகைத் தயிர், சோப்பு, மருந்துச் சீட்டு வரை எல்லாம் ஒரே கூரையில் கிடைப்பது சூப்பர் மார்க்கெட். காஸ்ட்கோவில் சந்தா கட்ட வேண்டும், ஒரு பொருளுக்கு ஓரிரு வகைதான், அதுவும் பெரிய பெட்டியாக. ஆல்டியில் வகைகள் மிகக் குறைவு. அங்கே எல்லோரும் போகிறார்கள்தான், ஆனால் பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பதிலாக அல்ல, அதற்குக் கூடுதலாக. நீதிபதி நெல்சன் இந்த வரையறையை ஏற்றார். எல்லோரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற நிறுவனங்களின் வாதம் எடுபடவில்லை. அந்தக் கோடு ஒவ்வொரு ஊரிலும் ஒரே மாதிரி பொருந்துமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆல்டி அடர்ந்த ஊரில் கோடு கொஞ்சம் மங்கும்.

நாடு முழுக்கப் பார்த்தா இவங்க பங்கு அவ்வளவு பெரிசில்லையே?

நாடு முழுக்கப் பார்த்து யாரும் பால் வாங்குவதில்லை. வீட்டிலிருந்து பத்து பதினைந்து நிமிடம் வண்டி ஓட்டும் தூரத்துக்குள் வாங்குகிறார்கள். டென்வரில் விலை ஏறினால் டாலஸில் இருக்கும் கடை உதவாது. அதனால் மளிகைக் கடை இணைப்பை எப்போதும் பேட்டை பேட்டையாகத்தான் அளக்கிறார்கள். மேற்கு மாநிலங்களில் இரண்டும் ஒரே பேட்டைகளில் எதிரெதிரே நின்றன. வாஷிங்டன், கொலராடோ, அரிசோனா ஆகியவை அதிகம் அலறியது அதனால்தான்.

ஒரு பழைய வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸில் வான்ஸும் ஷாப்பிங் பேக் என்ற கடையும் சேர்ந்ததைச் சட்டவிரோதம் என்றது. சேர்ந்த பிறகும் அந்த நகரச் சந்தையில் அவர்கள் பங்கு வெறும் 7.5 சதவீதம். இன்று அவ்வளவு கறாராக யாரும் தடுக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வான்ஸ் இப்போது ஆல்பர்ட்சன்ஸின் கடை.

இவ்வளவுதான் எல்லை, இதுக்கு மேல போனா தப்புன்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். கணக்கு எளிது: ஒரு பேட்டையில் ஒவ்வொரு முதலாளியின் சந்தைப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஐந்து முதலாளிகள் 30, 25, 20, 15, 10 சதவீதம் வைத்திருந்தால் 900 + 625 + 400 + 225 + 100 = 2,250. இதில் 25-ம் 20-ம் சேர்ந்தால் 45 ஆகும், அதன் வர்க்கம் 2,025. புதுக் கூட்டல் 3,250. ஏற்றம் 1,000. (குறுக்கு வழி: சேருகிற இரண்டு பங்குகளையும் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள்; 25 × 20 × 2 = 1,000.)

2023 டிசம்பரில் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறியின்படி, இணைப்புக்குப் பின் குறியீடு 1,800-ஐத் தாண்டி, ஏற்றமும் 100-ஐத் தாண்டினால் அது போட்டியைக் கெடுக்கும் என்று முதலில் அனுமானித்துக்கொள்வார்கள். அதற்கு முன்பிருந்த 2010 நெறியில் இந்த எல்லைகள் 2,500, 200. அனுமானம் என்றால் தீர்ப்பு அல்ல. கெடுக்காது என்று காட்டும் சுமை நிறுவனத்தின் தலைக்கு வரும், அவ்வளவுதான். சட்டத்தின் வேர் 1914-ஆம் ஆண்டு கிளேட்டன் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. அது போட்டி 'கணிசமாகக் குறையக்கூடும்' என்றாலே போதும் என்கிறது. விலை ஏறி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, குறியீடு ஏறினா என் பில் எப்படி ஏறும்? அதை விளக்குங்க.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கடைக்கு 1,000 வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவர் வாரக் கூடையும் 120 டாலர், அதில் கடைக்கு 30 டாலர் மொத்த லாபம். கடை விலையை 2 சதவீதம் ஏற்றுகிறது, கூடைக்கு 2.40 டாலர். கோபத்தில் 80 பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். இருக்கும் 920 பேரிடம் கூடுதல் வரவு 2,208 டாலர். போன 80 பேரால் இழப்பு 2,400 டாலர். 192 டாலர் நஷ்டம். ஆகவே விலையை ஏற்றமாட்டார்கள்.

இப்போது எதிர்க் கடையும் அதே முதலாளியுடையது என்று வையுங்கள். போன 80 பேரில் 30 பேர் அந்த எதிர்க் கடைக்குத்தான் போனார்கள். அவர்கள் தரும் 900 டாலர் லாபம் அதே பைக்குத் திரும்பி வருகிறது. இழப்பு 1,500 ஆகக் குறைகிறது. 708 டாலர் லாபம். அதே விலையேற்றம் இப்போது கட்டுபடியாகிறது. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, கணக்கே அந்தப் பக்கம் தள்ளும். அதனால்தான் வழக்கில் 'இங்கிருந்து விலகுகிறவர் எங்கே போகிறார்' என்பதற்கு அத்தனை மதிப்பு.

விலை மட்டுமல்ல. வார விளம்பரத் தாளில் வரும் தள்ளுபடி, 100 புள்ளிக்கு கேலனுக்கு 10 சென்ட் பெட்ரோல் குறைப்பு, மருந்துக் கவுன்டர் எத்தனை மணிவரை திறந்திருக்கும், வரிசை நீண்டால் இன்னொரு கவுன்டரைத் திறப்பார்களா என்பவையெல்லாம் எதிர்க் கடைக்குப் பயந்து செய்யப்படுபவை. பயம் போனால் முதலில் கழன்று விழுவது இவைதான், பில்லில் தெரியாது.

முட்டை விலை பத்தி ஏதோ மின்னஞ்சல் வெளியில வந்துதாமே?

போர்ட்லாந்து விசாரணையில் வந்தது. பாலிலும் முட்டையிலும் கடை விலை ஏறியது, கொள்முதல் விலை ஏறியதைவிட வெகுவாக அதிகம் என்று குரோகரின் விலை நிர்ணயப் பிரிவு மூத்த அதிகாரி ஒருவர் உள்ளுக்குள் எழுதிய மின்னஞ்சல் அது. ஒரு குறிப்பிட்ட காலத்தைப் பற்றியது, அதிலிருந்து எல்லாவற்றையும் முடிவு கட்டக்கூடாது என்பது நிறுவனத் தரப்பு. அது நியாயமான பதில்தான். ஆனாலும் செலவு ஏறியதற்கும் மேலே விலை ஏற்ற இடம் இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிட்டது.

100 கோடி டாலருக்கு விலையைக் குறைக்கறதா வாக்குக் கொடுத்தாங்களே? அதை ஏன் நம்பலை?

முதலில் 50 கோடி என்றார்கள், பிறகு 100 கோடியாக உயர்த்தினார்கள். பிரச்சினை தொகையில் இல்லை. எந்த விலையிலிருந்து குறைப்பது, எந்தக் கடையில், எத்தனை காலம், மீறினால் யார் தண்டிப்பது? பல்லாயிரம் பொருள்களின் விலை வாராவாரம் மாறுகிற தொழிலில், 'இது இணைப்பால் குறைந்த விலை' என்று தனியே பிரித்துக் காட்ட எந்த அதிகாரியாலும் முடியாது. ஒரு பக்கம் பாலில் 30 சென்ட் குறைத்து, மறுபக்கம் கூப்பனை நிறுத்தினால் வாக்கு மீறப்பட்டதா இல்லையா? போட்டி என்பது தினமும் தானாக நடக்கும் காவல். வாக்குறுதிக்குத் தினமும் காவலாளி வைக்க வேண்டும்.

பெரிய கம்பெனி ஆனா சப்ளையர்கிட்ட பேரம் பேசி மலிவா வாங்கலாமே. அது நமக்கு நல்லதுதானே?

பாதி நல்லது. மலிவாக வாங்கியதை நம்மிடம் தருவதற்கு எதிரே ஒரு போட்டியாளர் நின்று இழுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அந்த இழுப்புத்தான் குறைகிறது.

இன்னொரு பாதி, சரக்குத் தருபவர் பக்கம். வாங்குகிற கைகள் குறைந்தால் சிறு விவசாயி, ஊறுகாய் தயாரிப்பாளர், பால் பண்ணை எல்லோரும் சொன்ன விலைக்குத் தர வேண்டிவரும். அலமாரியில் இடம் பிடிக்கக் கட்டும் கட்டணமும் ஏறும். ஒரு கதவு மூடினால் தட்ட அடுத்த கதவு இருக்காது. நியூசிலாந்தில் 2024 அக்டோபரில் ஃபுட்ஸ்டஃப்ஸின் வட தீவு, தென் தீவு நிறுவனங்கள் சேர அந்நாட்டு வர்த்தக ஆணையம் அனுமதி மறுத்ததற்கு இது முக்கியக் காரணம். ஒன்றுக்குக் கடைகள் வட தீவில், மற்றதற்குத் தென் தீவில். வாடிக்கையாளருக்கு எதிர்க் கடை என்ற பேச்சே பெரிதாக இல்லை. ஆனால் தயாரிப்பாளருக்கு மூன்று பெரிய கொள்முதல்காரர்கள் இரண்டாகிவிடுவார்கள்.

579 கடையை வேற கம்பெனிக்கு வித்துடறோம்னு சொன்னாங்களே. அப்புறம் என்ன பிரச்சினை?

இரண்டும் எதிரெதிரே நிற்கும் பேட்டைகளில் ஒன்றை விற்றுவிட்டால் போட்டியாளர் எண்ணிக்கை குறையாது, இது வழக்கமான தீர்வு. 2023 செப்டம்பரில் 413 கடைகள், 190 கோடி டாலர் என்றார்கள். எஃப்டிசி 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டபின், ஏப்ரலில் 579 கடைகள், 290 கோடி டாலர் என்று உயர்த்தினார்கள். வாஷிங்டனில் 124, அரிசோனாவில் 101, கொலராடோவில் 91. வாங்குபவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கீன் நகரைச் சேர்ந்த சி அண்ட் எஸ். நாட்டின் பெரிய மளிகை மொத்த வியாபாரிகளில் ஒன்று. ஆனால் சொந்தமாக நடத்திய சூப்பர் மார்க்கெட்டுகள் வெறும் 23.

கடை என்பது கட்டடமும் அலமாரியும் கல்லாவும் மட்டும் என்று நினைத்தால் இந்த ஏற்பாடு சரி. ஆனால் சேஃப்வே கடையில் போட்டி போடுவது கட்டடம் அல்ல. ஓ ஆர்கானிக்ஸ், சிக்னேச்சர் போன்ற சொந்தப் பிராண்டுகள், பல வருட மெம்பர் கார்டு விவரம், விலை போடும் மென்பொருள், மருந்துக் கவுன்டரின் காப்பீட்டு ஒப்பந்தங்கள், சுட்டு அனுப்பும் மத்திய பேக்கரி எல்லாம் பின்னால் நிற்கின்றன. ஓ ஆர்கானிக்ஸும் சிக்னேச்சரும் விற்பனையில் வரவில்லை, சில காலம் பயன்படுத்த உரிமம் மட்டும். பல கடைகளுக்குப் பெயர்ப் பலகையே மாற வேண்டும். பழைய முதலாளியின் கணினி அமைப்பையே வாடகைக்குப் பயன்படுத்திக்கொண்டு, அதே முதலாளியோடு விலையில் சண்டை போடு என்றால் எப்படி? ஒரு முழு நிறுவனத்தைப் பிரித்துத் தருவதற்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித் தருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. விற்கப்போகும் கடைத் தொகுப்பு போதுமான அளவிலும் இல்லை, கட்டமைப்பிலும் குறை என்று நீதிபதி முடிவு கட்டினார்.

எண்ணிலும் பார்க்கலாம். மேலே 30, 25, 20, 15, 10 பேட்டையில் 20 சதவீதக் கடையைப் புதியவர் வாங்கினால் குறியீடு அதே 2,250, காகிதத்தில் பிரச்சினையே இல்லை. ஆனால் புதியவர் தடுமாறி அவர் பங்கு 8 ஆகச் சரிந்து, அந்த 12-ம் இணைந்த நிறுவனத்துக்குப் போனால் பங்குகள் 30, 37, 15, 10, 8. குறியீடு 2,658. ஏற்றம் 408. விற்றும் பயனில்லை.

புதுசா வாங்கினவர் தடுமாறுவார்னு முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடியும்? வெறும் பயம்தானே?

ஹேகன் என்ற ஒரு சொல் போதும். 2015 ஜனவரியில் ஆல்பர்ட்சன்ஸ் 920 கோடி டாலருக்கு சேஃப்வேயை வாங்கி முடித்தது. அப்போது எஃப்டிசி 168 கடைகளை விற்கச் சொன்னது. அதில் 146 கடைகளை வாங்கியது வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமைச் சேர்ந்த ஹேகன். அதுவரை அதற்கு இருந்த கடைகள் 18. சில மாதங்களில் 18-லிருந்து 164. இரண்டு மாநிலங்களிலிருந்து ஐந்து மாநிலங்கள்.

என்ன கெட்டது என்று பார்த்தால் எல்லாம் கடைத் தளத்து விஷயம். வெள்ளிக்கிழமை இரவு சேஃப்வேயாக மூடிய கடை ஓரிரு நாளில் ஹேகனாகத் திறக்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பொருளின் விலையும் புதுக் கணினியில் ஏற வேண்டும், பழைய பிராண்டுச் சரக்கு வெளியே போக வேண்டும், புதுச் சரக்கு எந்தக் கடைக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். தென் கலிஃபோர்னியாவில் ஹேகன் என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை. விலை அதிகம் என்ற பேச்சு முதல் வாரமே பரவியது. தவறான விலை விவரம் தந்தார்கள், அழுகும் சரக்கை அதிகமாகத் திணித்தார்கள் என்று குற்றம் சாட்டி ஹேகன் 100 கோடி டாலர் கேட்டு ஆல்பர்ட்சன்ஸ் மேல் வழக்குப் போட்டது, பிறகு 57.5 லட்சம் டாலருக்கு சமாதானமானது. 2015 செப்டம்பரில், அதாவது அதே வருடத்துக்குள், ஹேகன் திவால் பாதுகாப்பு கேட்டது. கடைசியில் ஹேகனின் மிச்சம் 29 கடைகளை 2016-இல் வாங்கியது யார்? ஆல்பர்ட்சன்ஸ்.

போட்டியைக் காப்பாற்ற விற்ற கடைகளில் சில விற்றவரிடமே திரும்பின, சில நிரந்தரமாக மூடின. 18 கடைக்காரர் 146 வாங்கியது அப்படி முடிந்தது என்றால், 23 கடைக்காரர் 579 வாங்குவதைப் பற்றி நீதிமன்றம் கவலைப்படுவது வெறும் பயம் இல்லை.

வேலை பார்க்கிறவங்களுக்கு இதுல என்ன பாதிப்பு?

இரண்டு நிறுவனங்களிலும் ஊழியர்களில் பெரும்பகுதி யுஎஃப்சிடபிள்யூ தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். ஒரு கடையில் வேலைநிறுத்தம் என்றால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போவார். அந்தப் பயத்தில்தான் நிர்வாகம் இறங்கி வரும். 2022 ஜனவரியில் டென்வர் பகுதியில் கிங் சூப்பர்ஸ் ஊழியர்கள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நடந்தது இதுதான். எதிர்க் கடையும் அதே முதலாளியுடையது என்றால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும். அந்த வேலைநிறுத்தத்தின்போதே, ஒருவர் ஆளை மற்றவர் எடுக்காமல் இருக்க இரண்டு நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்டன என்று கொலராடோ அரசு தன் வழக்கில் குற்றம் சாட்டியது.

தொழிலாளர் சந்தை வாதத்தை எஃப்டிசியும் வைத்தது. ஆனால் போதிய பொருளாதாரச் சான்று இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் கருதியதால், தடையாணை அதன் மேல் நிற்கவில்லை. நின்றது வாடிக்கையாளர் பாதிப்பின் மேல்தான்.

இணைப்புக்கு முன்னாடியே பங்குதாரர்களுக்கு 400 கோடி டாலர் கொடுத்துட்டாங்களாமே?

ஆமாம். ஆல்பர்ட்சன்ஸ் தன் பங்குதாரர்களுக்கு அறிவித்த சிறப்பு ஈவுத்தொகை, பங்கு ஒன்றுக்கு 6.85 டாலர். கைக்காசைக் காலி செய்துவிட்டுப் பிறகு 'தனியாக நிற்க முடியவில்லை' என்பார்கள் என்று வாஷிங்டன் மாநிலம் 2022 நவம்பரில் இடைக்காலத் தடை வாங்கியது. தடை நிலைக்கவில்லை, 2023 ஜனவரியில் பணம் பட்டுவாடா ஆனது.

கூட்டாட்சி நீதிமன்றம் கொடுத்தது தற்காலிகத் தடைதான்னு படிச்சேன். அப்ப ஏன் எல்லாம் முடிஞ்சு போச்சு?

எஃப்டிசிக்கு உள்ளேயே ஒரு விசாரணை முறை உண்டு. அது முடியும்வரை இணைப்பு நடக்காமல் நிறுத்தி வை என்றுதான் நீதிமன்றத்தில் கேட்பார்கள். கிடைத்ததும் அந்த வகைத் தடைதான். ஆனால் உள் விசாரணையும் மேல்முறையீடும் முடிய இன்னும் நீண்ட காலம் ஆகும். அதுவரை கடனுக்கான வட்டி ஏற்பாட்டையும், வேறு வேலை தேடும் ஊழியர்களையும் பிடித்து வைத்திருக்க முடியாது. தற்காலிகத் தடை விழுந்தாலே பெரும்பாலான இணைப்புகள் நடைமுறையில் முடிந்த கதைதான்.

இங்கே இன்னொன்றும் இருந்தது. வாஷிங்டன் மாநில நீதிமன்றம் தன் மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் நிரந்தரத் தடையே போட்டது. ஒன்றில் ஜெயித்தாலும் மற்றதில் மாட்டிக்கொள்வார்கள். கொலராடோ வழக்கு வேறு தனியாக நின்றது.

தடுத்தாங்க சரி. ஆனா விலை குறையவே இல்லையே?

குறைக்க வேண்டும் என்று வழக்குப் போடவில்லை. இணைப்பால் வரக்கூடிய கூடுதல் ஏற்றத்தைத் தடுக்கத்தான் போட்டது. பறவைக் காய்ச்சலால் முட்டை ஏறுவதும் காப்பி விலை உலகச் சந்தையில் ஏறுவதும் இதன் கையில் இல்லை.

இப்ப குரோகர் கடைகளை மூடறாங்களே. இணைப்பு நடந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்ல?

சுமார் 60 கடைகளைப் பதினெட்டு மாதத்தில் மூடப்போவதாக 2025 ஜூனில் குரோகர் அறிவித்தது உண்மை. லாபம் தராத கடையை மூடுவது இந்தத் தொழிலில் எப்போதும் நடப்பது. பணம் இல்லாமல் மூடினார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் முறிந்த அன்றே குரோகர் 750 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தை அறிவித்தது, ஆல்பர்ட்சன்ஸ் 200 கோடிக்கு. தவிர, எதிரெதிரே இரண்டு கடை ஒரே முதலாளியிடம் வந்தால் அவற்றில் ஒன்றை மூடும் ஆசை கூடும், குறையாது.

மத்த நாட்டுல இந்த மாதிரி நடந்திருக்கா?

பிரிட்டனில் அப்படியே நடந்தது. 2018 ஏப்ரலில் செயின்ஸ்பரிஸ், வால்மார்ட்டிடமிருந்த ஆஸ்டாவோடு சேர்வதாக அறிவித்தது. ஆஸ்டாவின் மதிப்பு சுமார் 730 கோடி பவுண்டு. அங்கும் 100 கோடி பவுண்டு விலைக் குறைப்பு வாக்குறுதி, நூற்றுச் சொச்சம் கடைகளை விற்கும் யோசனை. பிரிட்டனின் போட்டி ஆணையமான சிஎம்ஏ பேட்டை பேட்டையாக எண்ணி, 537 இடங்களில் போட்டி கெடும் என்றது. பெட்ரோல் பங்குகளில் 127 இடங்கள் தனி. 2019 ஏப்ரல் 25 அன்று முழுதாகத் தடுத்தது. அங்கே நீதிமன்றம் போகத் தேவையில்லாமல் ஆணையமே தடுக்கலாம். அமெரிக்காவில் நீதிபதியிடம் போய் நிரூபிக்க வேண்டும்.

அடுத்த தடவை எங்க ஊர்ல இப்படி ஒரு அறிவிப்பு வந்தா, நானே பார்த்துத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது, அரைமணி நேர வேலை. வீட்டிலிருந்து பதினைந்து நிமிட ஓட்டத்துக்குள் வார மளிகை முழுவதும் வாங்கக்கூடிய கடைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பலகையின் பெயரை அல்ல, முதலாளியின் பெயரை எழுதுங்கள். முதலாளிகள் நான்கு பேர் மூன்று பேராகக் குறைவதும், மூன்று பேர் இரண்டு பேராகக் குறைவதும் ஒன்றல்ல. பின்னது மிகவும் மோசம். பிறகு, நீங்கள் வழக்கமாகப் போகும் கடை நாளை மூடினால் எங்கே போவீர்கள் என்று உண்மையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் சேரப்போகிற மற்றக் கடை என்றால் மேலே சொன்ன 30 பேரில் நீங்களும் ஒருவர். கடைகளை விற்கப் போகிறோம் என்று பட்டியல் வெளியிட்டால் உங்கள் கடை அதில் இருக்கிறதா, வாங்குபவர் இப்போது எத்தனை கடை நடத்துகிறார், சொந்தப் பிராண்டும் கிடங்கும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள்.

இத்தனை பெரிய இணைப்புகளை 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டியே எஃப்டிசிக்கும் நீதித்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் காத்திருப்புக் காலம் பொதுவாக 30 நாள். கூடுதல் ஆவணம் கேட்டால் பல மாதங்களாக நீளும். கருத்து எழுத அதுதான் நேரம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுதுவது வீண் அல்ல. இந்த வழக்கில் எஃப்டிசியோடு எட்டு மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் சேர்ந்து நின்றன, வாஷிங்டனும் கொலராடோவும் தனியே வழக்கு நடத்தின. 'பெரிய கம்பெனிகள் மோசம்' என்று எழுதினால் கோப்பில் தூங்கும். 'இந்த இரண்டு கடைகளும் என் வீட்டிலிருந்து இத்தனை மைலில் இருக்கின்றன, போன வாரம் ஒன்றில் பால் இவ்வளவு, மற்றதில் இவ்வளவு, மருந்துச் சீட்டை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றியது இந்தக் காரணத்துக்காக' என்று பில்லின் படத்தோடு எழுதுங்கள்.